மாவு பொங்கவில்லையா? ஓசூர்க் குளிருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மார்கழியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு, பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்த பெண் மாவுக் குண்டானோடு என் வாசலில் நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷனுக்கு சிப்காட்டில் வேலை கிடைத்து ஓசூர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"எக்கா, ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டி வச்சேன். அப்படியே கெடக்கு. எங்க ஊர்ல இந்நேரம் மூடியத் தள்ளிக்கிட்டு வழிஞ்சிருக்கும். உளுந்துதான் மோசமோ?"

மூடியைத் திறந்தேன். ராத்திரி ஊற்றிய மட்டத்திலேயே மாவு நின்றது. மேலே ஒரு கொப்புளம்கூட இல்லை. மோந்தால் பச்சை உளுந்து வாசனை. குண்டான் அடியைத் தொட்டுப் பார்த்தேன், மண்பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது.

"உளுந்து மேல பழி போடாத கண்ணு. இது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கொட்டிடாத, உள்ள வா."

மத்தியானம் இரண்டு மணிக்கு அதே மாவு இட்லி ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு என்ன செய்தோம் என்பதையும், அதோடு சேர்த்து இந்த ஊரில் மாவு பாதியில் நின்றுபோவதற்கான மற்ற காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். நான் பாலக்கோட்டில் பிறந்தவள். கல்யாணமாகி ஓசூர் வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கும் இதே கதைதான். இப்போது பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே மாவு ஆட்டி விற்கிறேன். ஒரு நாள் மாவு பொங்காவிட்டால் மறுநாள் நாற்பது வீட்டில் காலைச் சாப்பாடு இல்லை என்ற பொறுப்பு, இந்த விஷயத்தைக் கவனித்துப் பார்க்க வைத்தது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி அதில் பாதி உயரம்தான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் குளிர் இன்னும் கூடும். தளியை அந்தக் காலத்தில் குட்டி இங்கிலாந்து என்றே சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முடியும்வரை இங்கே ராத்திரி அடுப்படிக்குள்ளேயே 18 டிகிரி, 19 டிகிரி என்று இருக்கும். மாவு புளிக்கத் தோதான சூடு 28 முதல் 32 டிகிரி வரை. இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தில்தான் பாதிப் பேருடைய மாவு மாட்டிக்கொள்கிறது.

பொங்குவது வேறு, புளிப்பது வேறு

இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பெரும்பாலானோர் 'மாவு சரியா வரல' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் வைத்தியம் பார்க்க முடியாது.

மாவுக்குள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அதில் முக்கியமானதற்கு லியூக்கனோஸ்டாக் என்று பெயர். இது பெரும்பாலும் உளுந்தோடு ஒட்டிக்கொண்டேதான் வருகிறது. ஊறும்போது விழித்து, ஆட்டிய மாவில் இருக்கிற சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியே விடுகிறது. வாயு மாவைத் தூக்குகிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. நேரம் போகப்போக அமிலம் மட்டும் தருகிற வேறு வகைகளும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பொங்கின மாவை அப்படியே விட்டால் மேலும் மேலும் புளிக்கிறதே தவிர, மேலும் மேலும் பொங்குவதில்லை.

வாயு வந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். அந்த வேலையை உளுந்தின் கொழகொழப்பு செய்கிறது. அரிசிக்கு அந்தச் சக்தி கிடையாது, ராகிக்கும் கிடையாது. ஆக, மாவு பொங்காததற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும்: வாயு வரவில்லை, அல்லது வந்த வாயு நிற்கவில்லை. எது என்று கண்டுபிடிக்க மூக்கும் நாக்கும் போதும்.

மாவு எழும்பவும் இல்லை, புளிக்கவும் இல்லை, பச்சை வாசனைதான் அடிக்கிறது என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை. குளிர் காரணமாக இருக்கலாம், இல்லையென்றால் நுண்ணுயிர் செத்திருக்கலாம். இது நல்ல செய்திதான், இந்த மாவைக் காப்பாற்றிவிடலாம்.

நாக்கில் வைத்தால் நன்றாகப் புளிக்கிறது, ஆனால் மட்டம் ஏறவே இல்லை என்றால், வாயு வந்து ஓடிப்போய்விட்டது. இனிமேல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இந்த மாவு இட்லிக்கு ஆகாது. காத்திருந்தால் புளிப்புதான் ஏறும்.

பாத்திரத்தின் ஓரத்தில் மேலே வரைக்கும் மாவுத் தடம் இருக்கிறது, நடுவில் மட்டம் இறங்கியிருக்கிறது என்றால் நீங்கள் தூங்கும்போது பொங்கி, விழுந்தும் விட்டது. அது பொங்காத மாவு கிடையாது, தாண்டிப்போன மாவு. தோசைக்கும் பணியாரத்துக்கும் அருமையாக இருக்கும்.

ஒரு கண்ணாடி டம்ளர் போதும்

மாவு கலந்தவுடன் அதில் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதி அளவு ஊற்றுங்கள். மாவு நிற்கிற மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிடுங்கள். டம்ளரைப் பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே, அதே சூட்டில் வையுங்கள். சின்ன அளவு சீக்கிரம் ஆறும் என்பதால் இரண்டையும் ஒரே துணிக்குள் மூடி வைப்பது நல்லது.

இனிமேல் பெரிய பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். முதலில் ஓரத்தில் ஊசிமுனை அளவுக் கொப்புளங்கள் ஒன்றிரண்டு வரும். பிறகு அவை கடுகு அளவாகும். அப்புறம் ரப்பர் பேண்டுக்கு மேலே மாவு ஏறத் தொடங்கும். ஒன்றுக்கு ஒன்றே முக்கால் பங்காக ஏறினால் இட்லிக்குப் போதும். உச்சியில் மேடாக இருந்த மாவு தட்டையாகத் தொடங்கினால் அதுதான் கடைசி நேரம், உடனே எடுத்துவிடுங்கள்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் புளிப்பின் அளவைக் காட்டுகிற பி.எச். காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஆட்டியவுடன் 6-க்கு மேலே காட்டுகிற மாவு, புளித்து முடிந்ததும் 4.5 அளவுக்கு இறங்கும். நான் வியாபாரத்துக்காக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு நாக்கே போதும்.

கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். 'எட்டு மணி நேரம்' என்று எல்லோரும் சொல்வது சமவெளிக் கணக்கு. தர்மபுரியில் சித்திரையில் ஆறு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். ஓசூரில் மார்கழியில், சும்மா மேடையில் வைத்தால் பதினாறு, பதினெட்டு மணி நேரம்கூட ஆகும்.

தொடங்காத மாவை எழுப்புவது

அன்றைக்கு அந்தப் பெண்ணின் மாவுக்குச் செய்தது இதுதான். அகலமான அன்னக்கூடையில் வெந்நீர் ஊற்றினோம். கையை உள்ளே வைத்து நிதானமாக இருபது எண்ண முடிகிற சூடு. அதற்கு மேல் வேண்டாம். அதிகச் சூடு பட்டால் ஓரத்து மாவில் இருக்கிற உயிர் செத்துப்போகும், நடுவில் குளிர் அப்படியே இருக்கும். மாவுக் குண்டானை அந்தத் தண்ணீருக்குள் இறக்கி, கையால் ஒருமுறை அடிவரைக்கும் கிளறிவிட்டோம், சூடு சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக. என் வீட்டில் இருந்த புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்தோம். மூடி போட்டு, மேலே பழைய போர்வையைச் சுற்றினோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மட்டும் மாற்றினாள். பத்து மணிக்குக் கொப்புளம் தெரிந்தது. அதற்குப் பிறகு கரண்டியே போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கொப்புளம் வந்த மாவைக் கிளறினால் பிடித்த வாயுவை நாமே வெளியேற்றிவிடுவோம்.

தினமும் இப்படித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் முதலிலேயே சூடான இடம் ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் சிறந்தது தெர்மோகோல் பெட்டி. மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கேட்டால் பழையது கிடைக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, உள்ளே மாவுப் பாத்திரத்தையும் ஒரு லிட்டர் வெந்நீர் பாட்டிலையும் வைத்து மூடிவிட்டால் காலை வரைக்கும் போதும். பாட்டில் பாத்திரத்தை ஒட்டி நிற்காமல் நடுவில் ஒரு துணி மடித்து வையுங்கள். ஓவன் வைத்திருக்கிறவர்கள் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம், ஆனால் விளக்கு பழைய குண்டு பல்பாக இருந்தால்தான் சூடு வரும். எல்.ஈ.டி. விளக்கு போட்டு வைத்துவிட்டுப் பொங்கவில்லை என்று வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எதுவுமே இல்லையென்றாலும் டைல்ஸ் தரையிலும் கிரானைட் மேடையிலும் நேராக வைக்காதீர்கள். கல், பாத்திரத்தில் இருக்கிற சூட்டையெல்லாம் இழுத்துவிடும். அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு வையுங்கள். அதிலேயே இரண்டு மணி நேரம் மிச்சமாகும்.

உயிரே இல்லாமல் போனால்

சூடும் சரியாக இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் அசைவே இல்லை என்றால், நுண்ணுயிர் அழிந்திருக்க வேண்டும். எங்கே அழிந்தது என்று பின்னோக்கி யோசித்துப் பாருங்கள்.

என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு தை மாதம் உண்டு. ஒரு வளைகாப்புக்கு இருநூறு இட்லி சொல்லியிருந்தார்கள். நேரம் இல்லை என்று உளுந்தைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டேன். அரை மணி நேரத்தில் நன்றாக ஊறிவிட்டது, மாவும் பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்குத் திறந்தால் ஒரு கொப்புளம் இல்லை. உளுந்தோடு வந்த உயிரை நானே வேகவைத்துக் கொன்றிருக்கிறேன். அந்த நேரத்தில் கைவசம் இருந்த அரிசி மாவைக் கொண்டு இடியாப்பம் பிழிந்து கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால் உளுந்துக்கு எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். கழுவுவதும் இரண்டு முறை போதும்; தண்ணீர் தெளிகிறவரைக்கும் ஏழெட்டு முறை அலச வேண்டியதில்லை. முதல் இரண்டு தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஊறின தண்ணீரைக் கீழே விடாமல் வைத்திருந்து அதைத் தெளித்தே ஆட்டுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் சில நாள் குளோரின் வாசனை தூக்கலாக இருக்கும். அந்தத் தண்ணீரை முதல் நாளே குடத்தில் பிடித்து, வாய் திறந்து ஒரு ராத்திரி வைத்துவிட்டுப் புழங்குங்கள்.

உப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். வெயில் ஊர்களில் உப்பு போட்டே கலந்து வைப்பது சரி, புளிப்பு ஓடிவிடாமல் அது கொஞ்சம் பிடித்து நிறுத்தும். இங்கே குளிர்காலத்தில் பாதி உப்பை முதலிலும் மீதியைப் பொங்கின பிறகும் போடுகிறேன். கல்லுப்பா, தூள் உப்பா என்பதில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததே இல்லை. கைராசி என்று சொல்வார்கள். கையால் கலப்பதில் கொஞ்சம் நன்மை உண்டுதான், கைச்சூடு மாவுக்கு ஏறும், கலவையும் நன்றாகச் சேரும். ஆனால் வேலை செய்கிற உயிர் உளுந்தில் இருந்து வருகிறது. 'எனக்குக் கைராசி இல்லை' என்று எந்தப் பெண்ணும் வருத்தப்பட வேண்டாம்.

கைவசம் ஒரு கரண்டி பழைய மாவு எப்போதும் இருக்கட்டும். ஒரு நாலு லிட்டர் பாத்திர மாவுக்கு ஒரு குழிக்கரண்டி போதும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் கலக்காமல், அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் போன பிறகு கலக்குங்கள். பத்து நாள் ஆன, மூக்கைத் துளைக்கிற புளிப்பு மாவு உதவாது. அதில் அமிலம் தருகிறவைதான் மிச்சம் இருக்கும், வாயு தருகிறவை ஓய்ந்திருக்கும்.

புளித்தும் பொங்காத மாவு

இதற்குக் காரணம் முக்கால்வாசி உளுந்தும் அதை ஆட்டிய விதமும்தான். பழைய உளுந்துக்குக் கொழகொழப்பு குறைந்துபோகும். புது உளுந்து ஆட்டும்போது கிரைண்டரில் பந்து பந்தாகத் திரண்டு எழும்பும், பழையது தண்ணியாக ஓடும். நம்மிடம் இருப்பது பழைய உளுந்துதான் என்று தெரிந்தால் அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்கிற கணக்கை மூன்றரைக்கு ஒன்று ஆக்கிவிடுங்கள். ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து ஊறவையுங்கள், அதன் கொழகொழப்பும் கை கொடுக்கும்.

உளுந்து ஆட்டி முடிந்ததா என்று பார்க்க, ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விடுங்கள். மிதந்தால் உள்ளே காற்று ஏறியிருக்கிறது. மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும். கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் ஆட்டினால் இந்தப் பதம் வரும். மிக்ஸியில் அரைக்கிறவர்கள் குளிர்காலத்திலும் உளுந்துக்கு ஐஸ் தண்ணீரே விடுங்கள். பிளேடு சூட்டில் உளுந்து தன் பசையை இழந்துவிடும். இதைச் சொன்னால், 'குளிருக்குச் சூடு வேணும்னீங்களே' என்று கேட்பார்கள். சூட்டை அரிசியில் கொடுங்கள். அரிசியை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, விரலுக்கு ரவை மாதிரி நெருடுகிற பதத்தில் ஆட்டி, இரண்டையும் கலந்தால் மொத்த மாவும் நல்ல சூட்டோடு தொடங்கும்.

தண்ணீர் கூடிவிட்டாலும் வாயு நிற்காது. கரண்டியில் மொண்டு ஊற்றினால் மாவு நாடா மாதிரி மடிந்து விழ வேண்டும். சளசளவென்று ஓடினால் அன்றைக்குத் தோசைதான். புளித்துப் பொங்காமல் நிற்கிற மாவை இட்லியாகவே ஆக்கியாக வேண்டும் என்றால், அரை டம்ளர் உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பொங்கப் பொங்க ஆட்டி அதில் கலந்து, இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்துப் பாருங்கள். ஓரளவு மீளும்.

சோடா உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது அமிலத்தோடு சேர்ந்தால்தான் நன்றாக நுரைக்கும். புளித்த மாவில் ஊற்றுகிற நேரத்துக்கு ஒரு சிட்டிகை போட்டால் வேலை செய்யும். புளிக்காத மாவில் போட்டால் இட்லி மஞ்சளித்து, சோப்பு வாசனைதான் வரும். தொடங்காத மாவுக்கு அது மருந்தே இல்லை.

ராகி மாவு, ராகிக் கூழ்

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் ராகிக்குப் பேர் போனவை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிற பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே ராகி ரகங்கள் உண்டு. இங்கே குடிவந்தவர்கள் கொஞ்ச நாளில் ராகி இட்லிக்கு வந்துவிடுவார்கள். ராகி இரண்டு பங்கு, இட்லி அரிசி இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று போடுங்கள். ராகியை எட்டு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். இந்த மாவு அரிசி மாவு அளவுக்கு எழும்பாது, ஒன்றுக்கு ஒன்றரைதான் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பொங்கவில்லை என்று மேலும் வைத்தால், சீக்கிரமே புளித்துவிடும்.

கூழ் விஷயத்தில் பொங்குவது முக்கியம் இல்லை, புளிப்பதுதான் முக்கியம். ராத்திரி ராகி மாவைத் தண்ணீரில் கரைத்து வைத்து, காலையில் நொய் வேகவைத்து, அதில் புளித்த கரைசலை ஊற்றிக் கிண்டி, ஆறவைத்து, இன்னொரு ராத்திரி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதில் புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இரண்டு. ஒன்று, வறுத்து அரைத்த ராகி மாவை வாங்கிக் கரைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது. வறுத்த மாவில் உயிர் ஏது? பச்சை ராகியை மெஷினில் அரைத்து, மாவைத் தாளில் பரப்பிச் சூடாற விட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். இன்னொன்று, காய்ச்சும்போது முதல் நாள் புளிப்பில் இருந்த நுண்ணுயிர்களும் வெந்துபோகின்றன என்பதை மறப்பது. இரண்டாவது ராத்திரிப் புளிப்புக்கு முந்தைய கூழில் ஒரு கரண்டி கலந்தால்தான் நிச்சயம். அதையும் கூழ் கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறின பிறகு கலக்க வேண்டும். என் அம்மா கூழ்ப்பானையைச் சுரண்டிக் கழுவவே விட மாட்டார், அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும் என்பார். காரணம் இதுதான் என்று பிற்பாடு புரிந்தது.

எப்போது கொட்டிவிட வேண்டும்

மேலே இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ புள்ளி கண்டாலும், பூஞ்சை பஞ்சு மாதிரி படிந்தாலும், புளிப்பு வாசனைக்குப் பதில் அழுகல் வாசனை அடித்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே மட்டும் வழித்தெடுத்துவிட்டு மீதியைப் புழங்க வேண்டாம், முக்கியமாக வீட்டில் குழந்தைகள் இருந்தால். குளிரில் இருபத்துநாலு மணி நேரம் வைத்தும் புளிப்பே ஏறாத மாவையும் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அமிலம் ஏறாத ஈரமாவில் கெடுதல் செய்கிற கிருமிகள் வளர இடம் உண்டு.

பொங்கி முடிந்த மாவைக் கலக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள். வேண்டிய அளவை மட்டும் ஓரத்திலிருந்து மொண்டு இட்லித் தட்டில் ஊற்றுங்கள். அடுத்த முறைக்கான அந்த ஒரு கரண்டியை, மூன்றாம் நாளுக்குள், தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். சங்கரன்கோவில் பெண் இப்போது அந்த டப்பாவில் ஆட்டிய தேதியை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். போன வாரம் எனக்கு மாவு தீர்ந்தபோது அவளிடமிருந்துதான் ஒரு கரண்டி வாங்கி வந்தேன்.